விழாத பால்பல், வராத பல்

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மாதக்கணக்கில் தங்கி, பிறகு வருடக்கணக்கில் கிளினிக்குக்கு அலைந்து, ஒருநாள் “மருந்து முடிந்தது, இனிப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும்” என்று டொக்டர் சொல்லக் கேட்டு ஊர் திரும்பிய பெற்றோருக்கானது இந்த அத்தியாயம். பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டது. ஸ்கூலுக்குப் போகிறது, மற்றப் பிள்ளைகளோடு ரோட்டில் ஓடி விளையாடுகிறது. வீட்டில் நோய்ப் பேச்சே குறைந்துவிட்டது. அப்படி இருக்கும்போது, ஏழு எட்டு வயதில், ஒரு கேள்வி எழும். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முன்பல் விழுந்து புதுப்பல் வந்துவிட்டது, நம் பிள்ளைக்கு ஏன் வரவில்லை? அல்லது வந்த பல் ஏன் இவ்வளவு சிறிதாக, ஆணி முனைபோல இருக்கிறது? ஏன் அதில் பழுப்பாகக் குழி விழுந்திருக்கிறது?

பதில் பெரும்பாலும் அந்தச் சிகிச்சைக் காலத்தில் இருக்கிறது. பிள்ளையின் உயிரைக் காத்த அதே மருந்து, அப்போது தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த பல்லையும் தொட்டிருக்கிறது. இதற்காக அந்தச் சிகிச்சையை எடுத்திருக்கக் கூடாது என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம். பல் துலக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டவும் வேண்டாம், நல்ல பேஸ்ட் வாங்கிக் கொடுக்கவில்லையே என்று உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். நடந்ததை மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பல்லில் என்ன வரப்போகிறது என்பதைச் சில வருடங்களுக்கு முன்பே பார்த்துவிட முடியும். பார்த்துவிட்டால் இழக்க வேண்டியதில் பாதியை இழக்காமல் தப்பலாம். பொகவந்தலாவையில் இருந்துகொண்டே அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாடைக்குள் நடப்பது

ஆறு வயதில் முளைக்கும் பல் ஆறு வயதில் உருவாவதில்லை. பால்பற்களுக்குப் பின்னால் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், பிள்ளை பிறக்கும் தறுவாயிலேயே எனாமல் பூசத் தொடங்குகிறது. மூன்று வயதளவில் அதன் மேற்பாகம் முடிந்துவிடும். பிறகு ஆறு வயதில் வாயில் தெரியும். வேர் முடிய ஒன்பது, பத்து வயதாகும். முன்பற்களின் மேற்பாகம் நாலு, ஐந்து வயதுக்குள் முடிகிறது. வேட்டைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வரும் முன்கடைவாய்ப்பற்கள் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. ஏழு வயதுவரை உருவாகி, பத்து பன்னிரண்டில் முளைக்கின்றன. இரண்டாவது கடைவாய்ப்பல் கிட்டத்தட்ட மூன்று வயதில் தொடங்கி, பன்னிரண்டில் வெளியே வருகிறது.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் லிம்போபிளாஸ்டிக் லியூக்கேமியா என்ற வகை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகமாக வருகிறது. அதற்கான மருந்து இரண்டு மூன்று வருடம் தொடரும். இந்த இரண்டு காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய்க்குள் பல் வேலை மிக மும்முரமாக நடக்கும் வருடங்களும் மருந்து ஏறும் வருடங்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. நோய்ச் செல்லும் அப்படிப் பெருகுவதுதான், மயிர்க்காலும் அப்படித்தான், பல் முளையும் அப்படித்தான். முடி திரும்ப வளர்கிறது, ஏனென்றால் மயிர்க்கால் வாழ்நாள் முழுக்க வேலை செய்யும். எனாமலைப் பூசும் செல்கள் அப்படியல்ல. ஒருமுறைதான் பூசும். பல் வெளியே வந்ததும் அந்தச் செல்களே இருக்காது. அதனால் அந்தச் சில மாதங்களில் விடுபட்டது விடுபட்டதுதான். தோட்டத்தில் வளர்ந்த தேயிலைச் செடி ஒரு கோடையைத் தாங்கிவிடும், நாற்றுமேடையில் அதே கோடை வந்தால் அந்த வருட நாற்று முழுவதிலும் அது தெரியும். பல்லும் நாற்றாக இருக்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறது.

எந்த நேரத்தில் அடி விழுந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். முளை தோன்றும் முன்பே அடி விழுந்தால் அந்தப் பல் வராமலே போகலாம். தோன்றி வளரும்போது விழுந்தால் பல் சிறுத்துப்போகும். எனாமல் பூசும்போது விழுந்தால் குழி, கோடு, வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு உண்டாகும். மேற்பாகம் முடிந்து வேர் வளரும் காலத்தில் விழுந்தால் மேலே பல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேர் குட்டையாக, கூராக நின்றுவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது இந்தக் கடைசி வகை. அதுதான் பிற்காலத்தில் அதிகம் ஏமாற்றுகிறது.

மருந்தும் கதிர்வீச்சும்

இரண்டும் ஒரேமாதிரி அடிப்பதில்லை. ஊசி மருந்து இரத்தத்தோடு எல்லாப் பல்லுக்கும் போகிறது. அந்த நாளில் எந்தப் பாகம் உருவாகிக்கொண்டிருந்ததோ அந்த இடத்தில் தடம் வைக்கிறது. வின்கிறிஸ்டீன் என்ற மருந்து பல்லின் உட்பகுதியை உருவாக்கும் செல்களின் உள்ளே இருக்கும் நுண்ணிய தாங்குகுழாய்களைக் குலைத்து, அவை சுரக்கும் வேலையை நிறுத்துகிறது. சைக்குளோபொஸ்பமைட்டும் அதன் இனத்து மருந்துகளும், மொத்த அளவு கூடக்கூடப் பல்லுக்கு அதிகக் கேடு செய்கின்றன.

கதிர்வீச்சு, நம்மூரில் சிலர் “கரண்ட் பிடித்தது” என்று சொல்வது, பட்ட இடத்தை மட்டுமே தாக்கும். ஆனால் ஆழமாகத் தாக்கும். 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவே வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் செல்களை நிரந்தரமாகக் கெடுக்கப் போதும். 30 கிரே என்றால் பல் வளர்ச்சி பாதியில் நின்றுவிடலாம். தாடை எலும்பு அந்தப் பக்கம் குறைவாக வளரும், உமிழ்நீர்ச் சுரப்பி வற்றும், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போகலாம். கண், மூக்கு, தொண்டை, கழுத்து ஆகிய இடங்களில் கட்டி இருந்த பிள்ளைகளும், எலும்பு மச்சை மாற்றத்துக்கு முன் உடல் முழுவதற்கும் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளும் இந்த வகைக்குள் வருவார்கள். வயிற்றிலோ காலிலோ மட்டும் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளையின் பல்லுக்கு அந்தக் கதிர்வீச்சால் பயமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊசி மருந்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

அமெரிக்காவில் 2009இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்ட 8000க்கும் மேற்பட்டவர்களை அப்படி மீண்டவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. பற்களுக்கு 20 கிரே அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சுப் பட்டவர்களுக்கும், சைக்குளோபொஸ்பமைட் இன மருந்துகளைப் பெற்றவர்களுக்கும் பல் குறைபாடு தெளிவாகக் கூடியிருந்தது. எங்கே தேடினாலும் ஒரே விடை வருகிறது: சிகிச்சை நடந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் என்றால் கவனம் அதிகம் தேவை. அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் வேர்தான் குட்டையாகும்.

பால்பல்லைப் பிடுங்கும் முன்

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

பால்பல் ஆடினால் நம் வீடுகளில் நூலைக் கட்டி இழுப்பார்கள், அல்லது அப்பாயி விரலால் அசைத்தே எடுத்துவிடுவார். விழுந்த பல்லை லயத்துத் தகரத்தின் மேல் எறிவதில் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம். தானாக ஆடி விழும் பல்லுக்கு இது சரி. ஆனால் ஆடாமல் நிற்கும் பால்பல்லை, “இது விழாததால்தான் புதுப்பல் வரவில்லை” என்று நினைத்து எடுப்பது வேறு விஷயம். புற்றுநோய் மருந்து எடுத்த பிள்ளைக்கு, பால்பல் விழாததற்குக் காரணம் அதற்கு அடியில் எந்தப் பல்லும் இல்லாததாக இருக்கலாம். நிரந்தரப் பல் கீழிருந்து தள்ளும்போதுதான் பால்பல்லின் வேர் கரைந்து ஆடுகிறது. தள்ள ஆளில்லை என்றால் அது அப்படியே நிற்கும். அப்படி நிற்கும் பால் கடைவாய்ப்பல், சொத்தை வராமல் பார்த்துக்கொண்டால், இருபது முப்பது வயதுவரைகூட வேலை செய்யும். அதைப் பிடுங்கிவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். எலும்பு மெலியும், பக்கத்துப் பற்கள் சாயும், மேலே எதிரே இருக்கும் பல் இறங்கும்.

அதிகமாக இப்படி வராமல் போவதும் சிறுப்பதும் இரண்டாவது முன்கடைவாய்ப்பற்கள், மேல்வரிசையில் நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல், இரண்டாவது கடைவாய்ப்பல் ஆகியவைதான். ஆகவே பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதாகியும் பால் கடைவாய்ப்பல் உறுதியாக நின்றால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கைவைக்கக் கூடாது. டொக்டரே கைவைப்பதாக இருந்தாலும், “சேர், இவனுக்குச் சின்ன வயதில் கேன்சர் மருந்து கொடுத்தது. கீழே பல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எடுக்கலாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் பல் டொக்டருக்கு உங்கள் பிள்ளையின் பழைய கதை தெரிந்திருக்காது.

இதோடு இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்தில் அதே பல் வரவில்லை என்றால் அதுவும் எக்ஸ்ரேக்குரிய அறிகுறி. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது, வலி இல்லை என்பதால் தள்ளிப்போட வேண்டாம். வராத பல் வலிக்காது.

முழுத் தாடை எக்ஸ்ரே

ஓ.பி.ஜி. என்று டொக்டர்கள் சொல்லும் எக்ஸ்ரே, தலையைச் சுற்றி இயந்திரம் ஒரு வட்டமடித்து எல்லாப் பல்லையும், இன்னும் முளைக்காத பல்லையும், வேரையும் ஒரே படத்தில் காட்டும். பிள்ளை அசையாமல் சில விநாடி நிற்க வேண்டும் என்பதால் ஐந்து ஆறு வயதுக்குக் கீழே எடுப்பது கடினம். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஒருமுறை எடுத்துவிட்டால் வரப்போவது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு பல் டொக்டர் தேவை என்று நினைக்கும்போது, குறிப்பாகப் பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன்னால் மறுபடி எடுப்பார்.

“கதிர்வீச்சால் வந்த தொல்லைக்கு மறுபடி கதிர்வீச்சா?” என்று தயங்குவது இயல்புதான். ஓ.பி.ஜி.யின் அளவு மிகச் சிறியது. சிகிச்சைக் கதிர்வீச்சோடு அதை ஒப்பிடவே முடியாது. தேவைக்கு எடுக்கும் ஒரு படத்துக்கு அஞ்ச வேண்டாம். எடுத்த படத்தை மட்டும் வீட்டில் பத்திரமாக வையுங்கள், அடுத்த டொக்டர் அதையே பார்த்தால் திரும்ப எடுக்கத் தேவை வராது.

எங்கே போவது

மலையகத்தில் இருந்து பார்த்தால் பாதை இரண்டு. ஒன்று, மஹரகமவிலேயே கேட்பது. பொகவந்தலாவையில் பஸ் ஏறி நோர்வூட் வழியாக ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, அவிசாவளை, பிறகு ஹைலெவல் வீதியால் ஹோமாகமை தாண்டி மஹரகம. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டிய பயணம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அன்றைக்குப் பேர் விழாது, நாட்கூலி போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், பல்லுக்கென்று தனியாக ஒருநாள் போக வேண்டாம். கிளினிக் திகதி கிடைத்ததும், அதே நாளில் பல் வைத்தியரையும் பார்க்க வழி உண்டா என்று வார்டில் உள்ள மிஸ்ஸிடம் கேளுங்கள்.

மற்றது பேராதனை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலையில் குழந்தைகளின் பல்லுக்கும் பல் வரிசை சீராக்கலுக்கும் தனித்தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். ஹட்டனில் இருந்து கண்டி பஸ்ஸில் பேராதனையில் இறங்கலாம். ரயில் ஓடும் நாட்களில் பேராதனைச் சந்திக்கு ரயிலிலும் போகலாம். நம் பிள்ளையைப் போன்ற சிக்கலான பல்லுக்கு என் பார்வையில் இதுதான் முதல் இடம். நேரே போவதைவிட, பொகவந்தலாவை அரசாங்க ஆஸ்பத்திரியிலோ டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் திறந்த அந்தப் பெரிய கட்டடம் நம் பக்கத்தவர்களுக்கு ஹட்டன் போகும் வழியிலேயே இருக்கிறது.

ஸ்கூலுக்கு வரும் பல் சிகிச்சையாளர் மிஸ்ஸையும் மறக்க வேண்டாம். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி இலங்கையில் பல வருடங்களாகப் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வருபவர்கள் இவர்கள். சொத்தை அடைப்பது, புளோரைட்டு பூசுவது போன்ற வேலை இவர்களிடமே முடியும். ஆனால் பிள்ளைக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். வகுப்பு டீச்சர் மூலம் ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள், அல்லது அந்த நாளில் அம்மா ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும் கணக்கும் அதுதான்.

கையில் இருக்க வேண்டிய தாள்

எங்கே போனாலும் கேட்கும் முதல் கேள்வி: என்ன மருந்து கொடுத்தார்கள்? “நிறைய ஊசி போட்டார்கள் சேர்” என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது. கிளினிக் கொப்பி நனைந்து, கிழிந்து, எலி கடித்துப் போகலாம். லயத்துக் கூரை ஒழுகினால் பெட்டிக்குள் இருக்கும் காகிதமும் ஊறிவிடும். ஆகவே மஹரகமவில் கடைசி மருந்து முடியும் நாளில், அந்த நாள் தாண்டியிருந்தால் அடுத்த கிளினிக்கில், சிகிச்சைச் சுருக்கம் ஒன்று எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். அதில் நோயின் பெயர், மருந்து தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும், ஒவ்வொரு மருந்தின் பெயர், கதிர்வீச்சு கொடுத்திருந்தால் உடலின் எந்த இடத்துக்கு எத்தனை கிரே, எலும்பு மச்சை மாற்றம் நடந்ததா, நெஞ்சில் மருந்து ஏற்ற வைத்த குழாய் இன்னும் இருக்கிறதா என்பவை இருந்தால் போதும். டொக்சோரூபிசின் என்ற மருந்து கொடுத்திருந்தால் இதயத்தைப் பரிசோதித்த முடிவையும் சேர்த்து வாங்குங்கள். பல்லைப் பிடுங்கும் முன் அதையும் கேட்பார்கள்.

அது ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை, இலங்கையில் எந்த டொக்டரும் வாசிப்பார். உங்களுக்கு விளங்க வேண்டும் என்றால் ஸ்கூல் டீச்சர் ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு போட்டோ கொப்பி எடுத்து, ஒன்றைத் தோட்ட டிஸ்பென்சரியிலும் வைத்திருக்கச் சொல்லலாம். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம், ஆனால் போன் மாறும், தொலையும். அதனால் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

வீட்டில்

மெல்லிய எனாமல் உள்ள பல்லுக்குச் சொத்தை எளிதில் வரும். உமிழ்நீர் குறைந்த வாய்க்கு இன்னும் எளிதில் வரும், ஏனென்றால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அமிலத்தைக் கழுவி எடுத்து எனாமலைத் திரும்ப உறுதியாக்குவது உமிழ்நீர்தான். ஆகவே மற்றப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும் பழக்கம் இந்தப் பிள்ளைக்குப் போதாது.

நம் மலையகத்துத் தண்ணீரில் இயற்கையாகவே புளோரைட்டு குறைவு. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் அது கூடிப்போய்ப் பல்லில் கறை விழுகிறது. இங்கே அந்தப் பயம் இல்லை, ஆனால் அதன் பாதுகாப்பும் இல்லை. அதனால் பேஸ்ட்டில் இருந்து அது வர வேண்டும். கடையில் சிறுவருக்கென்று விற்கும் சில வண்ணப் பேஸ்ட்டுகளில் தேவைக்குப் பாதிதான் இருக்கும். டியூப்பின் பின்பக்கம் பார்த்து, 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணிக் கடலை அளவு. இரவு தூங்கும் முன் கட்டாயம். துலக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்துக் கழுவிவிட்டால் பேஸ்ட்டின் பலன் போய்விடும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும். விடியற்காலை மலைக்குப் போகும் அம்மாவுக்கு அது முடியாது. ஆகவே இரவுத் துலக்கலை உங்களுடையதாக வைத்துக்கொண்டு, காலையை அப்பாயிடமோ பிள்ளைக்காம்பரா ஆயாவிடமோ கொடுங்கள்.

கரி, செங்கல் தூள், உப்புத் தூள் எதுவும் வேண்டாம். பல்லில் பழுப்புத் திட்டைக் கண்டதும் தேத்தண்ணிக் கறை என்று நினைத்துப் பலமாகத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கறையல்ல, எனாமல் இல்லாத இடம். தேய்த்தால் இருப்பதும் போகும்.

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பல்லைப் பற்றி எழுத முடியாது. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். முற்றிய இலையில் அது கூடுதல். அதனால் பிளேன்டீயிலும் கொஞ்சம் புளோரைட்டு உண்டு. ஆனால் அதை நம்பிப் பிள்ளைக்கு நாள் முழுக்கத் தேத்தண்ணி கொடுப்பது பிழை. மூன்று கரண்டிச் சீனி போட்ட தேத்தண்ணியைச் சிறுகச் சிறுகக் குடிக்கும் பிள்ளையின் வாய் ஒரு மணி நேரம் அமிலத்தில் ஊறுகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது, மருந்தால் இரத்தம் குறைந்த பிள்ளைக்கு அது கூடாத காரியம். கொடுப்பதானால் சீனி குறைத்து, ஒரே தடவையில் குடித்து முடிக்கும்படி கொடுங்கள். இடையிடையே பச்சைத் தண்ணீர் பழக்குங்கள்.

சீனியில் இன்னொரு மறைவிடம் பாணி மருந்து. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இரவில் கொடுக்கும் பாணி, பல்லில் ஒட்டியபடியே பிள்ளை தூங்கிவிடும். கொடுத்த பின் தண்ணீர் குடிக்க வையுங்கள். சிகிச்சைக் காலத்தில் பிள்ளை எதுவும் சாப்பிடாமல் இருந்தபோது, வாய்ப்புண்ணின் வேதனையில் டொபியும் பணிஸும் கொடுத்துச் சமாளித்திருப்பீர்கள். அப்போது அதைத் தவிர வழியில்லை. இப்போது பசி வந்துவிட்டது, ஆனால் பழக்கம் மட்டும் தங்கிவிடுகிறது. அதை மெதுவாக மாற்றுங்கள். டொபி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சாப்பிட்ட உடனே கொடுங்கள், இடைவேளையில் வேண்டாம்.

பல்வலிக்குப் புகையிலைத் துண்டு, கராம்பு எண்ணெய், மண்ணெண்ணெய் வைப்பது இன்னும் சில லயங்களில் நடக்கிறது. கதிர்வீச்சுப் பட்ட வாயின் தோல் மெல்லியது, அது வெந்துபோகும். பெனடோல் கொடுத்துவிட்டு மறுநாள் காலை டொக்டரிடம் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். ஈறில் காரணமில்லாமல் இரத்தம் வருகிறது, உடம்பில் நீலத் திட்டுகள் தெரிகின்றன, பிள்ளை வெளிறிப்போய்க் காய்ச்சல் விடாமல் இருக்கிறது என்றால் அதைப் பல் நோயாக நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். உடனே இரத்தம் சோதித்து, மஹரகம கிளினிக்கோடு பேசுங்கள்.

சரிசெய்யக் கூடியது எவ்வளவு

நினைப்பதைவிட அதிகம். குழி விழுந்த கடைவாய்ப்பல்லை இரும்புத் தொப்பி போட்டு மூடி வருடக்கணக்கில் காப்பாற்றலாம். சிறுத்த முன்பல்லுக்குப் பல் நிறத்துப் பசை சேர்த்து ஒரே அமர்வில் உருவம் கொடுக்கலாம். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தால், “வளர்ந்த பிறகு பார்க்கலாம்” என்று விட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பில் கேலிக்கு ஆளாவது சின்ன விஷயமல்ல. ஏற்கெனவே ஒருமுறை மொட்டைத் தலையோடு அந்தக் கேலியைத் தாங்கிய பிள்ளை அது.

கம்பி போடுவதில் நிதானம் வேண்டும். நோய் திரும்பாமல் இரண்டு வருடமாவது கடந்த பிறகே அதைத் தொடங்குவார்கள். குட்டை வேருள்ள பல்லைப் பலமாக இழுத்தால் வேர் இன்னும் கரையும். அதனால் குறைந்த விசையில், குறைந்த காலம், சில சமயம் பாதிச் சீராக்கலோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்ல வேலை. வரிசை கொஞ்சம் பிசகியிருந்தாலும் உறுதியாக நிற்கும் பல்லே மேல். தாடைக்குக் கதிர்வீச்சுப் பட்டவருக்குப் பல் பிடுங்குவது இன்னும் கவனமான காரியம். புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். அப்படிப்பட்ட பிடுங்கலைத் தனியார் கிளினிக்கில் அவசரமாகச் செய்யாமல் பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டும். எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லைப் பற்றித் தாடை வளர்ச்சி முடிந்து, பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் பேச முடியும். அதுவரை பால்பல்லே அந்த இடத்தைக் காக்க வேண்டும்.

பதினைந்து வயதுக்குப் பிறகு

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல், 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினர் பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் பிழைத்து, வளர்ந்து, வேலைக்குப் போகிறார்கள். அந்த வயதில் பல்லுக்கு வரும் ஆபத்து வேறு இடத்தில் இருந்து வருகிறது.

வெற்றிலை. மலையில் குளிருக்கும் களைப்புக்கும் வாயில் போடுவது நம் வழக்கம். விருந்தினருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது மரியாதை. ஆனால் இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். பாக்கு தனியாகவே, புகையிலை இல்லாவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுப் பெற்றவருக்கும் எலும்பு மச்சை மாற்றம் நடந்தவருக்கும் இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகம். அதன் மேல் பாக்கையும் சேர்க்கக் கூடாது. கடையில் தொங்கும் பாக்குப் பக்கட்டும் இதே கணக்குத்தான். “ஒருநாள் போட்டால் என்னாகும்?” என்று கல்யாண வீட்டில் யாராவது நீட்டினால், தகப்பனே முன்வந்து, “இவனுக்கு வேண்டாம் அண்ணே, டொக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார்” என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு முன்னால் தகப்பனும் போடாமல் இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பலம் கூடும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கும் அளவு குறைவது, இவற்றில் எதைக் கண்டாலும் பல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

குட்டை வேருள்ள பற்கள் வயது கூடக்கூட ஆடத் தொடங்கும். சோடாப் போத்தல் மூடியைப் பல்லால் திறப்பது, எலும்பைக் கடித்து உடைப்பது போன்ற பழக்கங்களை இளவயதிலேயே விடச் சொல்லுங்கள். ஈறு நோய் வராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் குட்டை வேரோடும் பல பத்து வருடம் நிற்கும்.

பிள்ளை படிப்பை முடித்துக் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும் நாளில், பாஸ்போட்டோடும் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து அந்தச் சிகிச்சைச் சுருக்கத்தின் ஒரு கொப்பியையும் கடைசியாக எடுத்த ஓ.பி.ஜி. படத்தையும் பையில் வைத்துக் கொடுங்கள். மூன்று வயதில் நடந்ததைப் பிள்ளையால் நினைவில் இருந்து சொல்ல முடியாது. புது ஊரில் பல் டொக்டர் முன் உட்காரும்போது அதைத் தானே எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.